ஊருக்கு ஒதுக்குப்புறமாக ஒரு ஜெபவீடு

இங்கிலாந்தில் ஒரு பழைய கிராமத்துக்குள் போனால் முதலில் கண்ணில் படுவது ஆங்கிலிக்கன் கோயிலின், அதாவது இங்கிலாந்து திருச்சபைக் கோயிலின், கோபுரம்தான். ஊர் நடுவில், கொஞ்சம் மேடான இடத்தில், சுற்றிலும் கல்லறைத் தோட்டத்தோடு நிற்கும். அதே ஊரில், அந்தத் திருச்சபையிலிருந்து பிரிந்துபோன பாப்திஸ்து கிறிஸ்தவர்களின் ஜெபவீடு எங்கே என்று தேடினால் அவ்வளவு சீக்கிரம் அகப்படாது. கடைசி வீட்டையும் தாண்டி, ஒரு சந்தின் முடிவில் இருக்கும். சில இடங்களில் வயலுக்கு நடுவிலேயே இருக்கும். கோபுரம் கிடையாது, பெரும்பாலும் மணியும் கிடையாது, பழைய கட்டடமாக இருந்தால் வாசலில் ஒரு சிலுவைகூட இருக்காது. தானியக் களஞ்சியம் என்று நினைத்துக் கடந்து போய்விடலாம். லிங்கன்ஷயரில் மங்ஸ்தார்ப் என்ற சிற்றூரில் 1701-இல் எழுந்த ஜெபவீட்டைப் பார்த்தால் அப்படித்தான் தோன்றும்.

கட்டியவர்களிடம் காசு இல்லை என்பது ஒரு காரணம். ஆனால் அது மட்டும் போதாது. அந்தக் கட்டடம் நிற்கும் இடம், அதன் கதவு, உள்ளே இருக்கும் ஞானஸ்நானத் தொட்டி, பக்கத்தில் இருக்கும் கல்லறை நிலம் எல்லாமே ஒரே ஒரு கேள்விக்குக் கொடுத்த பதிலிலிருந்து வந்தவை. சபை என்றால் யார் என்பதே அந்தக் கேள்வி.

அரசு சார்ந்த இங்கிலாந்து திருச்சபையின் பதில் எளிது. ஒரு பங்கின், அதாவது ஒரு கோயிலுக்கு உட்பட்ட ஊர்ப்பகுதியின், எல்லைக்குள் பிறந்த குழந்தைக்கு அந்தப் பங்குக் கோயிலில் ஞானஸ்நானம் கொடுப்பார்கள். அதோடு அந்தக் குழந்தை சபையைச் சேர்ந்ததாகிவிடும். ஊரும் சபையும் ஒன்று. பாப்திஸ்துகள் இதை ஏற்கவில்லை. விசுவாசம் ஒருவன் தானே வந்து அறிக்கையிட வேண்டிய ஒன்று, கைக்குழந்தையால் அது முடியாது, ஆகவே வளர்ந்து, புரிந்து, கேட்டு வருகிறவனுக்குத்தான் ஞானஸ்நானம் என்றார்கள். அப்படி வந்தவர்கள் ஒன்றுகூடினால் அதுவே சபை. மேலே பிஷப் தேவையில்லை.

கேட்க இது வேதபாட விவாதம் போல இருக்கும். அந்தக் காலத்தில் இது நேராக அரசியலில் போய் முட்டியது. விரும்பி வருகிறவர்கள் மட்டுமே சபை என்றால், வரச் சொல்லிக் கட்டளையிட ராஜாவுக்கு என்ன உரிமை இருக்கிறது? ஜான் ஸ்மித் என்ற போதகரும் தாமஸ் ஹெல்விஸ் என்பவரும் ஒரு சிறு கூட்டத்தோடு ஆம்ஸ்டர்டாமுக்குத் தப்பிப்போய், அங்கே 1609-இல் முதல் ஆங்கில பாப்திஸ்து சபையை உண்டாக்கினார்கள். ஹெல்விஸ் 1612 வாக்கில் நாடு திரும்பி லண்டன் ஸ்பிட்டல்ஃபீல்ட்ஸில் ஒரு சபையைத் தொடங்கினார். ராஜாவும் சாகப்போகிற மனிதர்தான், குடிமக்களின் ஆத்துமாவின் மேல் அவருக்கு அதிகாரம் இல்லை என்று முதலாம் ஜேம்ஸ் மன்னருக்கே எழுதினார். நியூகேட் சிறையில் அடைத்தார்கள். அங்கேயே இறந்துபோனார். தன் மதத்தவருக்கு மட்டும் அல்லாமல் யூதர், முஸ்லிம் உட்பட எல்லாருக்கும் மனசாட்சியின் சுதந்திரத்தை அந்த மனிதர் கேட்டார். 1612-இல் இதைச் சொல்ல எவ்வளவு துணிச்சல் வேண்டும் என்பதை நினைக்கும்போதெல்லாம் எனக்கு மலைப்பாக இருக்கிறது.

அப்புறம் இவர்களுக்குள்ளேயே இரண்டு கிளைகள் வந்தன. கிறிஸ்து எல்லாருக்காகவும் மரித்தார் என்றவர்கள் பொது பாப்திஸ்துகள். தெரிந்துகொள்ளப்பட்டவர்களுக்காக, அதாவது தேவன் முன்னதாகவே தேர்ந்தெடுத்தவர்களுக்காக மட்டும் என்று சீர்திருத்தவாதி கால்வின் வழியில் சொன்னவர்கள் தனி பாப்திஸ்துகள். இந்த இரண்டாவது கிளை 1630-களில் உருவானது. ஒரே ஊரில் இரண்டு ஜெபவீடுகள் இருந்தால் பெரும்பாலும் இப்படி ஏதாவது ஒரு பிரிவினைதான் காரணமாக இருக்கும்.

உள்நாட்டுப் போரும், மன்னர் இல்லாத கிராம்வெல் ஆட்சியும் நடந்த ஆண்டுகளில் இவர்களுக்குக் கொஞ்சம் மூச்சுவிட இடம் கிடைத்தது. 1660-இல் மன்னராட்சி திரும்பியதும் கதவு சாத்தப்பட்டது. 'மோட்சப் பிரயாணம்' எழுதிய ஜான் பன்யன் பெட்ஃபோர்டு சிறையில் 12 ஆண்டுகள் இருந்தது இந்தக் காலத்தில்தான். 1664-இல் வந்த சட்டப்படி, ஒரு வீட்டில் குடும்பத்தார் தவிர ஐந்து பேருக்கு மேல் கூடி அரசுத் திருச்சபை முறைக்குப் புறம்பாக ஆராதனை நடத்தினால் குற்றம். மூன்றாம் முறை பிடிபட்டால் நாடுகடத்தல். 1670-இல் அதைத் திருத்தினார்கள். கூட்டத்துக்கு வந்தவனுக்கு முதல் முறை 5 ஷில்லிங், பிரசங்கித்தவனுக்கு 20 பவுண்டு, இடம் கொடுத்த வீட்டுக்காரனுக்கும் 20 பவுண்டு அபராதம். இதில் மூன்றில் ஒரு பங்கு, காட்டிக்கொடுத்தவனுக்கு! கட்ட முடியாதவன் வீட்டிலிருந்து மாட்டையும் தட்டுமுட்டுச் சாமான்களையும் ஜப்தி செய்தார்கள். பக்கத்து வீட்டுக்காரன் ஒரு ஞாயிற்றுக்கிழமையில் பணம் பார்க்கலாம் என்ற நிலை ஒரு கிராமத்துக்குள் என்ன செய்திருக்கும்?

ஆகவே காட்டுக்குள் போனார்கள். டெவன் மாவட்டத்தில் கில்மிங்டன் கிராமத்தைச் சேர்ந்த பாப்திஸ்துகள் டால்வுட் பக்கத்தில் மலைச்சரிவில் கட்டிக்கொண்ட லஃப்வுட் ஜெபவீடு இன்றும் நிற்கிறது. அந்தச் சபை 1653-லேயே இருந்ததற்குப் பதிவு உண்டு. அப்போது அந்த இடம் மரங்கள் அடர்ந்த காடு. இன்னொரு சாமர்த்தியமும் இருந்தது. டால்வுட் அந்நாளில் டெவனுக்குள் தீவு போலக் கிடந்த டார்செட் மாவட்டத்துத் துண்டு. டெவன்காரர்கள் எல்லையைத் தாண்டி நாலடி நடந்தால் தங்கள் மாவட்ட நீதிபதியின் கைக்கு எட்டாத இடத்துக்கு வந்துவிடுவார்கள்.

1689-இல் சகிப்புச் சட்டம் வந்தது. அதன் பிறகு ஜெபவீடு கட்டலாம், ஆனால் பிஷப்பிடமோ, அவருக்குக் கீழுள்ள ஆர்ச்டீக்கனிடமோ, மாவட்ட நீதிபதிகளின் காலாண்டு அமர்விலோ பதிவு செய்ய வேண்டும். கூடவே ஒரு நிபந்தனை. ஆராதனை நடக்கும்போது கதவைப் பூட்டவோ தாழ்போடவோ கூடாது, போட்டால் சட்டத்தின் பாதுகாப்பு கிடையாது. உள்ளே சதி நடக்கிறதோ என்ற அரசின் சந்தேகம் அது. முப்பது வருஷம் கதவைச் சாத்திக்கொண்டு, வெளியே ஒருவரைக் காவலுக்கு நிறுத்தி ஜெபித்தவர்கள், இனி யார் வேண்டுமானாலும் உள்ளே வரட்டும் என்று திறந்துவைத்து உட்கார வேண்டியிருந்தது. ஊருக்கு வெளியே இருக்கும் பழக்கம் மட்டும் போகவில்லை. ஊர் நடுவில் நிலம் வைத்திருந்த பிரபுக்கள் பலர் இவர்களுக்கு அதை விற்கமாட்டார்கள். யாராவது ஒரு விவசாயி தன் தோட்டத்து மூலையைக் கொடுப்பார், அங்கே கட்டுவார்கள்.

பக்கத்தில் கல்லறை நிலம் இருப்பதற்கும் சட்டமே காரணம். இங்கிலாந்து திருச்சபையின் ஜெபப்புத்தகப்படி, ஞானஸ்நானம் பெறாதவர்களுக்கு அடக்க ஆராதனையை வாசிக்கக்கூடாது. பாப்திஸ்து வீட்டில் ஒரு குழந்தை இறந்தால் அது ஞானஸ்நானம் பெறாத குழந்தை. பங்குக் குரு கறாரானவராக இருந்தால் ஒரு வார்த்தைகூடச் சொல்லாமல் புதைக்க வேண்டியதுதான். அந்த வேதனையைத் தவிர்க்கத் தங்கள் ஜெபவீட்டைச் சுற்றியே குழி வெட்டிக்கொண்டார்கள். பங்குக் கல்லறையில் தங்கள் போதகரே ஆராதனை நடத்தலாம் என்று சட்டம் வர 1880 ஆகிவிட்டது. கல்யாணத்திலும் இதே கதை. 1754 முதல் 1837 வரை, எந்த பாப்திஸ்து ஜோடியும் பங்குக் கோயிலில் போய்த்தான் தாலிகட்டாத குறையாக மோதிரம் மாற்ற வேண்டும். இல்லாவிட்டால் அந்தத் திருமணம் செல்லாது.

சரி, உள்ளே கூடியவர்கள் யார்? இதற்குச் சபைப் புத்தகம் என்று ஒன்று வைத்திருந்தார்கள். என்னைக் கேட்டால் கட்டடத்தைவிட அதுதான் பெரிய பொக்கிஷம். முதல் பக்கங்களில் உடன்படிக்கை இருக்கும். ஒருவரை ஒருவர் கவனித்துக்கொள்வோம், ஒருவர் குறையை ஒருவர் தாங்குவோம், சபைக் காரியங்களை வெளியே பேசமாட்டோம் என்கிற மாதிரி. அதன் கீழே கையெழுத்துகள். எழுதத் தெரியாதவர் ஒரு கீறல் போட்டிருப்பார். அடுத்து அங்கத்தினர் பட்டியல். ஒவ்வொரு பெயருக்கும் எதிரே பிற்பாடு எழுதிய ஒரு குறிப்பு இருக்கும். இறந்தார், வேறு சபைக்குக் கடிதம் கொடுத்து அனுப்பப்பட்டார், நீக்கப்பட்டார். ஒரு மனுஷனின் முப்பது நாற்பது வருஷ வாழ்க்கைக்கு ஒரே வரி. பெயர்களில் பாதிக்கு மேல் பெண்களாக இருப்பது மிகச் சாதாரணம். அவர்களுக்கு ஓட்டு உண்டா, வாய்திறந்து பேசலாமா என்பது சபைக்குச் சபை மாறும்.

அங்கத்தினர் ஆவது லேசான காரியம் அல்ல. சேர விரும்புகிறவர் எல்லார் முன்னாலும் நின்று, தேவன் தன்னை எப்படி நடத்தினார் என்று சாட்சி சொல்ல வேண்டும். அதற்கு முன் இரண்டு பேர் அவர் வீட்டுக்குப் போய் விசாரித்திருப்பார்கள். பிறகு சபை கைதூக்கி முடிவு செய்யும், ஞானஸ்நானம் கொடுக்கும். அதன்பின் அப்பமும் ரசமும் பகிர்ந்துகொள்ளும் கர்த்தருடைய பந்தியில் இடம் உண்டு. ஞாயிறுதோறும் பிரசங்கம் கேட்க வருகிறவர்கள் இதைப் போலப் பல மடங்கு இருப்பார்கள். அவர்களைக் 'கேட்கிறவர்கள்' என்று தனியாகச் சொல்வார்கள். வருஷக்கணக்காக வந்தும் கடைசிவரை அங்கத்தினர் ஆகாதவர்கள் உண்டு.

உள்ளே வந்த பிறகும் கண்காணிப்பு விடாது. குடி, கடனைத் திருப்பித் தராதது, சண்டை, காரணம் இல்லாமல் கூட்டத்துக்கு வராமல் இருப்பது, விசுவாசியல்லாதவரை மணப்பது எல்லாம் மாதாந்தரச் சபைக் கூட்டத்தில் விசாரணைக்கு வரும். இன்று படித்தால் அடுத்தவர் வீட்டுக்குள் எட்டிப்பார்ப்பது போல இருக்கிறது. ஆனால் மனந்திரும்பி வந்தவரைத் திரும்பச் சேர்த்துக்கொண்ட குறிப்புகளும் அதே புத்தகங்களில் இருக்கின்றன. இந்த விசாரணைகளை வெறும் கிராமத்து வம்பு என்று ஒதுக்கிவிட முடியாது என்பதற்கு ஓர் உதாரணம் சொல்கிறேன்.

1770-ஆம் ஆண்டு. கேம்பிரிட்ஜ்ஷயரின் சதுப்புநிலப் பகுதியில் சோஹம் என்ற ஊர். அங்கிருந்த சின்ன பாப்திஸ்து சபையில் ஒருவர் அளவுக்கு மீறிக் குடித்துவிட்டார். அந்த வசந்த காலத்தில்தான் ஞானஸ்நானம் பெற்றிருந்த ஆண்ட்ரூ ஃபுல்லர் என்ற 16 வயதுப் பையன், விஷயம் தெரிந்ததும் நேரே அவரிடமே போய்க் கண்டித்தான். என்னை நானே அடக்கிக்கொள்ள எனக்குச் சக்தி இல்லையே என்றார் அவர். இது சாக்குப்போக்கு என்று பையன் நினைத்தான். போதகர் ஜான் ஈவும் அவன் பக்கம் பேசினார். மனிதன் நினைத்தால் வெளிப்படையான பாவத்தையாவது விலக்க முடியும் என்றார். சபையில் சிலர் கொதித்துவிட்டார்கள். பாவத்தை விலக்க மனிதனுக்கே பலம் உண்டென்றால் கிருபை எதற்கு? குடித்தவர் விஷயம் பின்னுக்குப் போய், மனுஷ சக்தி பற்றிய சண்டை முன்னுக்கு வந்தது. 1771-இல் ஈவ் பதவியை விட்டு விலகினார்.

அந்தச் சண்டை ஃபுல்லரை விடவில்லை. அவர் 1775-இல் அதே சபைக்குப் போதகர் ஆனார். சபை கொடுத்த சம்பளம் போதாமல் கடை வைத்தார், பள்ளி நடத்தினார், இரண்டும் தேறவில்லை. அக்காலத்துத் தனி பாப்திஸ்துகள் பலர், தெரிந்துகொள்ளப்படாதவன் விசுவாசிக்க முடியாது, ஆகவே எல்லாரையும் பார்த்து 'விசுவாசியுங்கள்' என்று அழைக்கக்கூடாது என்று நம்பினார்கள். ஃபுல்லர் வேதத்தைத் திரும்பத் திரும்பப் படித்து, அழைக்கத்தான் வேண்டும், கேட்கிற ஒவ்வொருவனுக்கும் விசுவாசிக்கும் கடமை இருக்கிறது என்ற முடிவுக்கு வந்தார். 1785-இல் அதை அச்சிட்டார். எல்லாரையும் அழைக்கலாம் என்றால் அந்த 'எல்லாரும்' இங்கிலாந்தோடு முடிந்துவிடுமா என்பது அடுத்த கேள்வி. அதைக் கேட்டவர் செருப்புத் தைக்கும் வில்லியம் கேரி.

கேரி அப்போது ஓல்னி என்ற ஊரின் சபையில் சேர்ந்திருந்தார். பிரசங்கியாக அங்கீகாரம் வேண்டுமென்றால் சபையார் முன்னால் பிரசங்கித்துக் காட்ட வேண்டும். 1785-இல் பிரசங்கித்தார். சபையாருக்குத் திருப்தி இல்லை. இதுவரை போகும் இடங்களில் பிரசங்கித்துக்கொண்டிரு, இன்னொரு முறை எங்கள் முன் பேசு, வரத்தைச் சோதித்துப் பார்க்கிறோம் என்ற பொருளில் சபைப் புத்தகத்தில் எழுதிவைத்தார்கள். ஒரு வருஷம் கழித்து, 1786 ஆகஸ்டில்தான் அனுமதி கொடுத்தார்கள். பிற்காலத்தில் வங்காளத்தில் வேதாகமத்தை மொழிபெயர்த்து அச்சிட்ட மனிதரை ஒரு சிறு சந்தை ஊரின் சபையார் 'இன்னும் கொஞ்சம் பொறு' என்று நிறுத்திவைத்திருந்தார்கள். அவர்கள் செய்தது தவறு என்று எனக்குத் தோன்றவில்லை. போதகரைத் தீர்மானிப்பது பிஷப் அல்ல, பந்தியில் உட்காருகிறவர்கள் என்றால், அவர்கள் அதைக் கவனமாகச் செய்யத்தானே வேண்டும்.

நார்தாம்டன்ஷயரில் மோல்டன் என்ற கிராமம் கேரியை அழைத்தது. ஜெபவீடு பழுதாகிக் கிடந்தது, சபை ஏழைச் சபை. பிள்ளைகளுக்குப் பாடம் சொல்லிக்கொடுத்தும் செருப்புத் தைத்தும் குடும்பத்தை ஓட்டினார். அங்கே அவரைப் பார்க்கப் போன ஃபுல்லர், பல தாள்களை ஒட்டிச் சேர்த்த ஒரு பெரிய உலகப் படம் சுவரில் தொங்கியதைப் பார்த்ததாகப் பின்னாளில் சொன்னார். ஒவ்வொரு நாட்டின் மேலும் மக்கள்தொகை, மதம் என்று கேரி தெரிந்துகொண்டதையெல்லாம் பேனாவால் குறித்திருந்தாராம். 1792 அக்டோபர் 2-ஆம் தேதி கெட்டரிங்கில் ஒரு விதவையின் வீட்டு அறையில் இவர்கள் கூடி மிஷனரி சங்கத்தைத் தொடங்கினார்கள். அன்று தருவதாக எழுதிக்கொடுத்த தொகை 13 பவுண்டு 2 ஷில்லிங் 6 பென்ஸ். அடுத்த வருஷம் நவம்பரில் கேரி வங்காளத்தில் இறங்கிவிட்டார்.

ஞானஸ்நானத்தைப் பற்றிச் சொல்லாமல் போக முடியாது. முழுக்குதான், தெளிப்பது கிடையாது. ஆகவே தண்ணீர் வேண்டும். மங்ஸ்தார்ப்பில் வெட்டவெளியில் செங்கல் வைத்துக் கட்டிய தொட்டி இன்றும் இருக்கிறது. லஃப்வுட்டில் பிரசங்க மேடைக்கு முன்னால் தரைக்கு அடியிலேயே தொட்டி, மேலே பலகை போட்டு மூடியிருப்பார்கள். பல சபைகளுக்கு இதுவும் இல்லை, ஆறோ குளமோதான். கேம்பிரிட்ஜ்ஷயர் ஐலஹாம் கிராமத்துக்கு அருகில் லார்க் ஆற்றின் படகுத்துறையைச் சுற்றுவட்டாரச் சபைகள் பொதுவாகப் பயன்படுத்தின. 1850 மே 3-ஆம் தேதி, நியூமார்க்கெட்டிலிருந்து 8 மைல் நடந்து அங்கே வந்தான், பின்னாளில் புகழ்பெற்ற பிரசங்கியான சார்லஸ் ஸ்பர்ஜன், அப்போது 15 வயது. ஆற்றின் மேல் குளிர்காற்று அறுத்துக்கொண்டு வீசியது. இரண்டு கரைகளிலும், படகுகளிலும் வேடிக்கை பார்க்கிற கூட்டம். அவன் இயல்பில் கூச்சக்காரன். தண்ணீரில் இறங்கி எழுந்தபோது அந்தப் பயம் ஆற்றோடு போய்விட்டது என்று பின்னாளில் எழுதினார். ஊரே பார்க்க நனைந்து எழுந்தவனால் அடுத்த நாள் 'நான் அந்தக் கூட்டத்தைச் சேர்ந்தவன் இல்லை' என்று சொல்ல முடியாது. ஆற்றங்கரை ஞானஸ்நானத்தின் பலம் அதில் இருந்தது. அடுத்த ஆண்டே ஸ்பர்ஜன் வாட்டர்பீச் கிராமத்தில், கூரை வேய்ந்த ஒரு ஜெபவீட்டுக்குப் பிரசங்கி. அப்போது வயது 17. 1854-இல் லண்டன் சபை ஒன்று அழைத்துக்கொண்டது.

பத்தொன்பதாம் நூற்றாண்டு கிராமத்துச் சபைகளுக்குச் செழிப்பான காலம். ஞாயிறு பள்ளிகள் பெருகின, பழைய வீட்டை இடித்துப் பெரிதாகக் கட்டினார்கள், உள்ளே மாடி இருக்கைகள் வைத்தார்கள், பிடில் வாசித்தவர்கள் போய் ஹார்மோனியம் வந்தது. ஆசனங்களுக்கு வாடகை வசூலித்து போதகர் சம்பளத்தைக் கொடுத்தார்கள். கதவுக்கு மேல் எபெனேசர், பெத்தேல், சோவார், ரெகொபோத் என்று பெயர் பொறித்தார்கள். ரெகொபோத் எனக்கு மிகவும் பிடித்த பெயர். ஈசாக்கு வெட்டிய கிணறுகளுக்காக மேய்ப்பர்கள் அடுத்தடுத்து வாக்குவாதம் பண்ண, சண்டை இல்லாத மூன்றாவது கிணற்றுக்குக் கர்த்தர் நமக்கு இடம் உண்டாக்கினார் என்று சொல்லி அவன் இட்ட பெயர் அது. தோட்டத்து மூலை நிலத்தில் கட்டியவர்களுக்கு அதன் அருமை தெரிந்திருக்கும்.

இரண்டு கிளைகளின் பெரும்பகுதியும் 1891-இல் ஒரே யூனியனாக இணைந்தன. ஆனால் அதற்குள் கிராமங்கள் காலியாகத் தொடங்கிவிட்டன. 1870-களிலிருந்து அமெரிக்கத் தானியம் மலிவாக வந்து இறங்க, இங்கிலாந்தின் விவசாயம் சரிந்தது. கூலிக்காரர்கள் நகரத்துக்கும் கனடாவுக்கும் ஆஸ்திரேலியாவுக்கும் கிளம்பினார்கள். சபைப் புத்தகத்தில் 'கடிதம் கொடுத்து அனுப்பப்பட்டார்' என்ற வரி கூடிக்கொண்டே போனது. அப்புறம் முதல் உலகப் போர், அதன் பிறகு பேருந்து, கார். முழுநேரப் போதகரை வைக்க வசதி இல்லாமல் மூன்று நான்கு சபைகள் ஒருவரைப் பங்கிட்டுக்கொண்டன. பத்திரத்தில் பெயர் இருந்த டிரஸ்டிகள் ஒவ்வொருவராக இறந்து, புதியவர்களைச் சேர்க்க மறந்து, கடைசியில் கட்டடம் யாருடையது என்றே குழப்பம் வந்த இடங்கள் உண்டு. பல ஜெபவீடுகள் இன்று குடியிருப்புகள். தொட்டி இருந்த இடத்துக்கு மேல் சாப்பாட்டு மேசை போட்டிருப்பார்கள்.

லஃப்வுட் சபை அப்படிக் கரைந்துவிடவில்லை. பயம் நீங்கிய பிறகு காட்டுக்குள் போக அவசியம் இல்லாமல், 1832 வாக்கில் கில்மிங்டன் ஊருக்குள்ளேயே புது ஜெபவீடு கட்டிக்கொண்டார்கள். அங்கே இன்றும் சபை கூடுகிறது. மலைச்சரிவில் இருந்த பழைய வீடு 1969-இல் பழைய கட்டடங்களைப் பாதுகாக்கும் நேஷனல் டிரஸ்ட் அமைப்பின் கைக்குப் போனது. வெள்ளையடித்த சுவர், அடைப்பு வைத்த மர ஆசனங்கள், தரைப் பலகைக்கு அடியில் தொட்டி எல்லாம் அப்படியே இருக்கின்றன. இப்போதும் எப்போதாவது ஒரு ஞாயிறு அங்கே ஆராதனை நடக்கிறது.